தலையில் அடி, ஆனால் தெளிவாகப் பேசுகிறார்: ஸ்கேனா, கண்காணிப்பா, வீடா?

பைக் சறுக்கி விழுந்த இளைஞர், மாடிப்படியில் உருண்ட பாட்டி, கிரிக்கெட் பந்து நெற்றியில் பட்ட பள்ளிப் பையன். மூவரும் அவசரப் பிரிவுக்குள் நடந்தே வருகிறார்கள். பெயர் கேட்டால் சொல்கிறார்கள். கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்துத் தெளிவுக்கு மதிப்பெண் தரும் கிளாஸ்கோ மயக்க அளவில் 15க்கு 15, அல்லது 14. அடிபட்ட நேரம் மட்டும் நினைவில் இல்லை, தலை வலிக்கிறது, குமட்டுகிறது. மூளையதிர்ச்சி பெரும்பாலும் இப்படித்தான் வந்து நிற்கும். கனடாவில் இத்தகைய 3,121 பெரியவர்களை வைத்து நடந்து 2001இல் வெளியான ஆய்வில், சுமார் 8 சதவீதத்தினருக்கு மூளையில் கவனிக்க வேண்டிய காயம் இருந்தது. மூளை அறுவைப் பிரிவு தலையிட வேண்டியிருந்தது சுமார் 1 சதவீதத்தினருக்கு. அந்த ஒருவரைத் தவறவிடக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற 99 பேரை என்ன செய்வது என்பதில்தான் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறுகிறது.

பணி மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. சி.டி. ஸ்கேன் எடுப்பதா, வைத்துப் பார்ப்பதா, அனுப்பிவிடுவதா என்பது ஒன்று. என்ன சொல்லி அனுப்புவது என்பது இன்னொன்று. முன்னதற்கு விதிகள் இருக்கின்றன, விவாதம் நடக்கிறது. பின்னது பல இடங்களில் “ஸ்கேன் நார்மல், பயப்பட ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க” என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. சி.டி. காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளையதிர்ச்சியில் கெடுவதோ நரம்புச் செல்களின் வேலை. அது அந்தப் படத்தில் தெரியாது. நார்மல் ஸ்கேனோடு வீட்டுக்குப் போனவர் பத்தாம் நாள் தலைச்சுற்றலோடு வேறொருவரிடம் போய் இரண்டாவது ஸ்கேன் எடுப்பதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

எந்த வழிக்கும் முன்னால்

அடிபட்ட நேரத்தை முதலில் எழுதுங்கள். கிளாஸ்கோ எண்ணுக்குப் பக்கத்தில் கடிகார நேரமும் இருக்க வேண்டும். “2 மணி நேரம் ஆகியும் 15க்கு வரவில்லையா” என்று விதிகள் கேட்பது அடிபட்டதிலிருந்து. உங்கள் வாசலுக்கு வந்ததிலிருந்து அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தையல் போட்டு 108இல் அனுப்பப்படுபவர் வந்து சேரும்போதே அந்த 2 மணி நேரம் கடந்திருக்கலாம். அவர் 14இல் இருந்தால் “கொஞ்சம் பார்ப்போம்” என்று உட்காரவைக்க நேரம் மிச்சமில்லை, நேரே ஸ்கேன்.

சர்க்கரையை விரல் நுனியில் குத்திப் பாருங்கள். குழப்பமாகப் பேசும் நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை இறங்கியதால்தான் விழுந்தாரா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கழுத்தைச் சரிபார்க்காமல் எழுப்பி நடக்கவைக்காதீர்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: வார்ஃபரின், அசிட்ரோம், டபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான், க்ளோபிடோக்ரெல். பெயர் தெரியாதென்றால் மாத்திரை அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். வாந்தி எத்தனை தடவை, எந்தெந்த நேரத்தில் என்பதை வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான் ஊசி போடும் முன்பே எழுதிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு வாந்தி நின்றதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மது வாடை அடிக்கிறது என்பதற்காக 14ஐ மதுவின் கணக்கில் எழுதுவதுதான் இந்தப் பிரிவில் மிக ஆபத்தான குறுக்குவழி. போதை நேரம் போகப் போகத் தெளியும். உள்ளே கட்டும் ரத்தம் நேரம் போகப் போக மயக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அரை மணிக்கு ஒரு முறை எழுதும் எண் மட்டுமே. அந்த எண் ஏறவில்லை என்றால் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

எந்த விதியைப் பிடித்துக்கொள்வது?

மேலே சொன்ன 2001 ஆய்வு தந்த கனடிய விதி, 16 வயதோ அதற்கு மேலோ ஆகி, மயக்கமோ மறதியோ குழப்பமோ ஏற்பட்டு, கிளாஸ்கோ 13 முதல் 15 வரை உள்ளவர்களுக்கானது. ஐந்தில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன்: 2 மணி நேரத்தில் 15ஐத் தொடாதது, மண்டையோடு உடைந்தோ உள்ளே அமுங்கியோ இருக்கும் சந்தேகம், மண்டையின் அடித்தள முறிவுக்கான அறிகுறி, இரண்டு அல்லது அதற்கு மேல் வாந்தி, 65 அல்லது அதற்கு மேல் வயது. அடித்தள முறிவு என்றால் இரு கண்களைச் சுற்றியும் கறுத்திருப்பது, காதுக்குப் பின்னால் கன்றியிருப்பது, செவிப்பறைக்குப் பின் ரத்தம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது. இந்த ஐந்தும் அறுவை தேவைப்படுபவர்களைப் பிடிக்க. இன்னும் இரண்டு உண்டு: அடிபடுவதற்கு முந்தைய 30 நிமிடமோ அதற்கு மேலோ நினைவில் இல்லாதது, ஆபத்தான முறையில் அடிபட்டது, அதாவது வாகனம் மோதிய பாதசாரி, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், 3 அடிக்கு அல்லது 5 படிக்கு மேலிருந்து விழுந்தவர்.

நியூ ஓர்லியன்ஸ் விதி (2000) கிளாஸ்கோ 15 உள்ளவர்களுக்கு மட்டும். தலைவலி, வாந்தி, 60க்கு மேல் வயது, போதை, புதியதை நினைவில் வைக்க முடியாமை, காறை எலும்புக்கு (கழுத்தடி எலும்பு) மேலே கண்ணுக்குத் தெரியும் காயம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் ஸ்கேன். பட்டியலைப் பார்த்தாலே சிக்கல் புரியும்: தலையில் அடிபட்டு, தலைவலியும் இல்லாமல் சிராய்ப்பும் இல்லாமல் யார் வருவார்கள்? 2005இல் இரண்டு விதிகளையும் ஒரே நோயாளிகள்மேல் வைத்துப் பார்த்தபோது, அறுவை தேவைப்பட்ட எவரையும் இரண்டுமே விடவில்லை. ஆனால் கனடிய விதிப்படி ஸ்கேன் தேவைப்பட்டது 52 சதவீதத்தினருக்கு, நியூ ஓர்லியன்ஸ் விதிப்படி 88 சதவீதத்தினருக்கு. ஒரே ஒரு சி.டி. இயந்திரம், வெளியே வரிசை, பக்கவாத நோயாளி ஒருவரும் காத்திருக்கிறார் என்னும் இடத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. கனடிய விதியே போதும்.

ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடங்கள் உண்டு. ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும், அடிபட்டபின் வலிப்பு வந்தவர்களும் அந்த ஆய்விலேயே சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்த விதி “வேண்டாம்” என்று சொன்னாலும் அதற்கு மதிப்பில்லை. இங்கே சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023இல் புதுப்பித்த வழிகாட்டி உதவும். வலிப்பு வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் சி.டி.; உறைவுத் தடுப்பு மாத்திரையோ, ஆஸ்பிரின் மட்டும் அல்லாத பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) தடுப்பு மாத்திரையோ எடுப்பவருக்கு வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் சி.டி. எடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. இரண்டாவது இடம் இருசக்கர வாகனம். கனடிய விதியின் சொற்கள் காரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஓடும் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவரை அந்தப் பட்டியலில் சேர்ப்பதுதான் நியாயம். சிக்னலில் நின்ற ஸ்கூட்டி சாய்ந்து விழுந்தவரைச் சேர்க்கத் தேவையில்லை. ஹெல்மெட் போட்டிருந்தார் என்பது ஸ்கேனைத் தவிர்க்கக் காரணம் ஆகாது.

ரத்தப் பரிசோதனையும் ஒரு வழிதான். ஸ்காண்டிநேவிய நாடுகளின் 2013 வழிகாட்டி, அடிபட்ட 6 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் எஸ்100பி என்ற புரதத்தின் அளவு லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால், குறைந்த ஆபத்துள்ள சிலருக்கு ஸ்கேன் இல்லாமல் அனுப்பலாம் என்கிறது. அமெரிக்காவில் 2018 முதல் வேறு இரு புரதங்களை அளக்கும் சோதனைக்கு அனுமதி உண்டு. இரவு 11 மணிக்கு முடிவு கையில் கிடைக்காத ஊரில் இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

பணம்தான் தடை என்றால், தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். வீட்டில் விழுந்த பாட்டிக்கு இது பொருந்தாது.

வைத்துப் பார்ப்பது என்றால்

கண்காணிப்பு என்பது வார்டில் படுக்கவைத்துவிட்டுக் காலையில் போய்ப் பார்ப்பதல்ல. நைஸ் தரும் அட்டவணை: 15 வரும் வரை அரை மணிக்கு ஒரு முறை, 15 வந்தபின் 2 மணி நேரம் அரை மணிக்கொரு முறை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு 2 மணிக்கொரு முறை. கிளாஸ்கோ, கண்மணி, கை கால் அசைவு, மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், வெப்பம், ஆக்சிஜன் அளவு எல்லாம் ஒவ்வொரு முறையும். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே தமனி கிழிந்து ரத்தம் கட்டும்போது, முதலில் தெளிவாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் சரியும் நோயாளிகள் உண்டு. கண்மணி விரிவது அதில் கடைசி அறிகுறிகளில் ஒன்று. அதற்கு முன்பே எண் 15இலிருந்து 14க்கு இறங்கியிருக்கும், தலைவலி கூடியிருக்கும், நோயாளி எரிச்சலாகியிருப்பார். டார்ச்சை மட்டும் நம்புகிற வார்டில் இந்த நேரம் கைநழுவிப் போகும்.

இதே கண்காணிப்பை வீட்டில் நடத்த முடியுமா? ஸ்கேன் விதியில் எதுவும் சிக்காதவருக்கும், ஸ்கேன் நார்மலாகி 15க்கு வந்தவருக்கும் முடியும். ஆனால் உடன் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், கையில் போன், கூப்பிட்டால் வண்டி. மேன்ஷனில் தனியாகத் தங்கியிருப்பவர், இரவில் ஒரு மணி நேரத்துக்குள் சி.டி. உள்ள ஊருக்கு வந்து சேர முடியாதவர், குடித்திருப்பவர் ஆகியோரைக் காலை வரை வைத்துக்கொள்வதே மேல். படுக்கை இல்லை என்பது மருத்துவக் காரணம் அல்ல.

“மணிக்கொரு தரம் எழுப்பிப் பாருங்கள், தூங்கவே விடாதீர்கள்” என்று சொல்லி அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. அத்தனை தடவை எழுப்பிப் பார்க்க வேண்டிய ஆள் என்றால் அவர் வீட்டுக்கே போகக் கூடாது. அனுப்பத் தகுதியானவர் என்றால் தூங்கட்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் தலைவலியும் குழப்பமும் கூடும், அது காயத்தாலா தூக்கமின்மையாலா என்பதும் தெரியாமல் போகும்.

பிள்ளைகளுக்கு வேறு கணக்கு

18 வயதுக்குட்பட்ட 42,412 பேரை வைத்து 2009இல் வெளியான பெக்கார்ன் விதி இங்கே நம்பகமானது. 2 வயதுக்குக் கீழே கேட்க வேண்டியவை: நிதானம் மாறியிருக்கிறதா, கையில் தட்டுப்படும் எலும்பு முறிவு, நெற்றியைத் தவிர வேறிடத்தில் வீக்கம், 5 விநாடி அல்லது மேல் மயக்கம், 3 அடிக்கு மேலிருந்து விழுந்தது போன்ற பலத்த அடி, “எப்பவும்போல இல்லை” என்ற தாயின் சொல். அந்தக் கடைசிக் கேள்வியைத் தாயிடம் மட்டும்தான் கேட்க முடியும். 2 வயதுக்கு மேல்: நிதானம் மாற்றம், அடித்தள முறிவின் அறிகுறி, மயக்கம், வாந்தி, கடுமையான தலைவலி, 5 அடிக்கு மேலிருந்து விழுந்தது போன்ற பலத்த அடி. எதுவும் இல்லை என்றால் முக்கியக் காயத்துக்கான வாய்ப்பு 2 வயதுக்குக் கீழ் 0.02 சதவீதத்துக்கும், மேல் 0.05 சதவீதத்துக்கும் குறைவு, ஸ்கேன் வேண்டாம். இரு பட்டியல்களிலும் முதல் இரண்டில் ஒன்று இருந்தால் வாய்ப்பு 4 சதவீதத்தைத் தாண்டும்; எடுத்துவிட வேண்டும். இடைப்பட்டவர்களுக்கு ஒன்று தனித்து இருந்தால் அடிபட்டதிலிருந்து 4 முதல் 6 மணி நேரம் கண் முன்னால் வைத்துப் பார்ப்பதையே நான் தேர்வேன். வேறெதுவும் இல்லாமல் ஒரு தடவை வாந்தி எடுத்த ஆறு வயதுக் குழந்தைக்குக் கதிர்வீச்சும், அசையாமல் படுக்கவைக்க மயக்க மருந்தும் கொடுக்க அவசரப்பட வேண்டியதில்லை.

சீட்டில் எழுத வேண்டாதவை

வலிக்குப் பாரசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம், 6 மணிக்கொரு முறை, நாளுக்கு 4 கிராமைத் தாண்டாமல். குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஐபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் வகைகளை, ஸ்கேன் எடுக்காமல் அனுப்புகிறவருக்கு முதல் 48 மணி நேரம் தவிர்ப்பது நல்லது. அவை பிளேட்லெட்டின் வேலையைக் குறைக்கும். ட்ரமடால், தூக்க மாத்திரை, தூக்கம் தரும் சளி மருந்துகள் வேண்டாம். மயக்கம் மருந்தாலா கசிவாலா என்று வீட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டீராய்டு தலைக்காயத்தில் தீங்கு: 10,008 பேரை வைத்து 2004இல் வெளியான க்ராஷ் ஆய்வில் ஸ்டீராய்டு பெற்றவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். சிட்டிகோலின் மாத்திரை தலைக்காயத்தில் பயன் தரவில்லை என்பது 2012இல் கோப்ரிட் ஆய்வில் தெரிந்தது. ஆனாலும் “மூளை நரம்புக்கு” என்று ஒரு மாதத்துக்கு எழுதுவது நிற்கவில்லை. நார்மல் ஸ்கேனோடு 15இல் இருப்பவருக்கு மூளை வீக்கத்தைக் குறைக்கும் மன்னிட்டாலும் வேண்டாம், வலிப்புத் தடுப்புக்கென்று ஃபெனிட்டாயினும் வேண்டாம். இதற்கெல்லாம் ஆகும் செலவில் ஒரு மறுபார்வைக்குப் பஸ் கட்டணம் கொடுத்துவிடலாம்.

எவ்வளவு ஓய்வு?

இருட்டறையில் ஒரு வாரம் படுக்கவைப்பது, 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, மறுநாளே வழக்கமான வாழ்க்கை. மூன்றையும் சொல்லி அனுப்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு 11 முதல் 22 வயதுக்குட்பட்டவர்களை அவசரப் பிரிவிலேயே பிரித்து, ஒரு பாதியினருக்கு 5 நாள் கடும் ஓய்வும், மறுபாதியினருக்கு 1–2 நாள் ஓய்வும் சொல்லி அனுப்பியது. கடும் ஓய்வு எடுத்தவர்களே அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். அவை மறையவும் நாளானது. திரையைப் பொறுத்தவரை 2021இல் வந்த முடிவு தெளிவு: முதல் 48 மணி நேரம் போன், டி.வி. இரண்டையும் தவிர்த்தவர்கள் குணமாக நடுமதிப்பாக 3.5 நாள், தவிர்க்காதவர்கள் 8 நாள்.

ஆக, இரண்டு நாள் அளவான ஓய்வு, திரை இல்லை; வீட்டுக்குள் நடப்பது, பேசுவது, சின்ன வேலைகள் சரி. மூன்றாம் நாளிலிருந்து நடை, பிறகு வேகநடை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் தந்த அளவுகோல் எளிது: தலைவலியை 10க்கு எத்தனை என்று கேளுங்கள், வேலை செய்யும்போது அது 2 புள்ளி வரை கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் தொடரலாம், அதைத் தாண்டினால் நிறுத்திவிட்டு மறுநாள். பள்ளிக்கு முதலில் அரை நாள், தேர்வு இல்லாமல். முழுநாள் பள்ளி தாங்கிய பிறகே பந்து. விளையாட்டுக்குத் திரும்ப ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். மோதல் உள்ள பயிற்சிக்கு முன் மருத்துவரின் ஒப்புதல். அடிபட்ட அன்றே திரும்ப மைதானத்தில் இறங்குவது எந்த நிலையிலும் கிடையாது. குணமாகாத மூளையில் விழும் இரண்டாவது அடி அரிதாக உயிரையே எடுத்திருக்கிறது. வண்டி ஓட்டுவது குறைந்தது 24 மணி நேரத்துக்கு இல்லை. தலைச்சுற்றல் இருக்கும் வரை பைக்கைத் தொடக் கூடாது.

சொல்வதை எப்படிச் சொல்வது

கிளாஸ்கோ 15 என்பது கேட்டதை நினைவில் வைத்துக்கொள்வார் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. அதனால்தான் ஆஸ்திரேலிய அவசரப் பிரிவுகளில் கிளாஸ்கோவோடு மூன்று படங்களைக் காட்டி, ஒரு மணி நேரம் கழித்து என்னென்ன படம் என்று கேட்கிறார்கள். 15ம் 3ம் சேர்ந்து 18 வந்தால்தான் மறதி நீங்கியதாகக் கணக்கு. சாவி, கரண்டி, பூ என மூன்று படங்களை அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டு எந்த மருத்துவமனையிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். படத்தை மறந்தவரிடம் அறிவுரை சொல்வதில் பயனில்லை. உடன் வந்தவரிடம் சொல்லுங்கள்.

வாயால் மட்டும் சொன்னது வாசல் தாண்டும்போதே பாதி மறந்துவிடும். ஆங்கிலத்தில் அச்சிட்ட காகிதம் எக்ஸ்ரே உறைக்குள் போய்விடும். தமிழில் ஒரு பக்கம், பெரிய எழுத்து, அதையே செவிலியர் படித்து வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு: இரண்டும் சேர்ந்தால் படிக்கத் தெரியாத அம்மாவையும் சென்றடையும். பிறகு, உடன் வந்தவரை “எதெது நடந்தா திரும்ப வருவீங்க?” என்று கேட்டு அவர் வாயால் சொல்லவைப்பது. இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும், பெரும்பாலும் இதுதான் விடுபடுகிறது.

காகிதத்தில் இருக்க வேண்டிய வாசகம் ஏறக்குறைய இப்படி:

“இவருக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது. ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் சில நாள் தலைவலி, தலைச்சுற்றல், மறதி, எரிச்சல், தூக்கக் கோளாறு இருக்கலாம். பெரும்பாலான பெரியவர்களுக்கு 2 வாரத்தில், பிள்ளைகளுக்கு 4 வாரத்தில் சரியாகும்.

இன்றும் நாளையும் ஒருவர் கூடவே இருங்கள். தூங்க விடலாம். போன், டி.வி., மது, வண்டி ஓட்டுதல் கூடாது. சாப்பாட்டில் பத்தியம் இல்லை. கழுத்து வலித்தால் சலூனில் நெட்டி எடுக்காதீர்கள்.

உடனே 108ஐ அழைத்து வர வேண்டியவை: எழுப்பினால் எழவில்லை, பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, தலைவலி கூடிக்கொண்டே போகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் பலமிழப்பு, பார்வை இரண்டாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போலவோ ரத்தமாகவோ வடிவது.”

கீழே கைப்பட எழுத வேண்டியவை மூன்று: அடிபட்ட தேதியும் நேரமும், அனுப்பும்போதிருந்த கிளாஸ்கோ எண், மறுபார்வை நாள்.

யாரை மறுபடி அழைப்பது

எல்லோரையும் அழைத்தால் புறநோயாளர் பிரிவு நிரம்பிவிடும். யாரையும் அழைக்காவிட்டால் நாள்பட்ட தலைவலியோடு அலைபவர்களைத் தொலைத்துவிடுவோம். கனடாவின் 2016 ஆய்வு, அவசரப் பிரிவுக்கு வரும் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதத்தினருக்கு 28 நாளுக்குப் பிறகும் அறிகுறிகள் நீடித்ததைக் காட்டியது. முதல் நாளே அவர்களை முன்கணிக்க அது தந்த 12 புள்ளிக் கணக்கில் பதின்வயது, பெண், முன்பு ஒரு மூளையதிர்ச்சி வந்து ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது, ஒற்றைத் தலைவலி வரலாறு, கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்வது, ஒரு பாதத்துக்குப் பின் மறுபாதத்தை வைத்து நிற்கையில் தடுமாறுவது, தலைவலி, சத்தம் ஒவ்வாமை, சோர்வு ஆகியவை வருகின்றன. 3 வரை என்றால் காகிதம் போதும். 9 அல்லது மேல் என்றால் ஒரு வாரத்தில் நேரில் பார்க்க நாள் குறியுங்கள். இடையில் உள்ளவர்களுக்குப் பத்தாம் நாள் ஒரு போன்.

பெரியவர்களில் அழைத்தே தீர வேண்டியவர் முதியவர், அதிலும் உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர். வயதாக மூளை சற்றுச் சுருங்கி, அதற்கும் வெளியுறைக்கும் இடையே ஓடும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலும் அவை கசிந்து, ரத்தம் 2–3 வாரத்தில் மெல்லச் சேரும். அன்றைய ஸ்கேன் நார்மல் என்பது மூன்றாம் வாரத்துக்குப் பொருந்தாது. “பாட்டி ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறாங்க, ரெண்டு நாளா சோர்ந்து கிடக்குறாங்க” என்று மகள் சொன்னால் வயதுக் கோளாறு என்று விடாமல் அன்றே மறுபடி சி.டி. எடுக்க வேண்டும். மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை வீட்டுக்காரர்களின் யோசனைக்கு விடாமல், வார்ஃபரின் வகை என்றால் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துவிட்டு, அதை எழுதிக் கொடுத்த இதய மருத்துவரிடம் பேசி, அனுப்பும் சீட்டிலேயே குறித்துவிடுங்கள்.